கேட்டை வரும் நேரம்

அன்றைக்குக் கேட்டை நட்சத்திரம் முப்பத்தொரு நிமிடம் பிந்தி வந்தது.

பஸ் பிந்தும், தபால் பிந்தும், பூனாகலைப் பக்கத்தில் மழைகூடச் சொன்ன மாதத்தில் வராமல் பிந்தும். நட்சத்திரம் பிந்தாது. பாடசாலை விறாந்தையில் கம்பளிக் குல்லாவும் மஃப்ளருமாக நின்ற மதுசூதனன் மாஸ்டர், கைக்கடிகாரத்தைச் சிமினி விளக்கின் அருகே பிடித்துப் பார்த்தார். எட்டு முப்பத்தொன்றுக்கு எதிர்மலைக்கு மேலே தலைகாட்ட வேண்டிய அந்தச் சிவப்பு நட்சத்திரம், ஒன்பது இரண்டுக்குத்தான் வந்திருந்தது. அவருக்கு முதலில் சிரிப்பு வந்தது.

சிரித்ததற்குக் காரணம் இருந்தது. அது இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு மே மாதம், வெசாக் பண்டிகை முடிந்து ஒரு கிழமை. அதற்கு ஒரு மாதம் முன்னால்தான், சித்திரைப் புத்தாண்டோடு, நாட்டின் கடிகாரங்களையெல்லாம் அரை மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளியிருந்தார்கள். பத்து வருடமாக ஓடிய நேரம் ஒரே இரவில் பழைய நேரமாகிவிட்டது. அன்றிலிருந்து எந்த இருவர் சந்தித்தாலும் ‘பழைய நேரமா, புது நேரமா?’ என்று கேட்காமல் ஒரு காரியமும் நடப்பதில்லை. கோயிலில் ஒரு நேரம், பஸ் நிலையத்தில் ஒரு நேரம். அந்த மலை இடுக்கில் வானொலி எடுபடாது. பாடசாலைக் கணினியின் கடிகாரமோ மின்சாரம் போய் வரும்போதெல்லாம் தொண்ணூற்றெட்டாம் ஆண்டுக்குத் திரும்பிப் போய்விடும். ஆகவே மாஸ்டர், காலையில் ஆட்களைப் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு வரவழைக்கத் தொழிற்சாலையில் ஊதும் சங்கை வைத்துத்தான் தன் கடிகாரத்தைத் திருத்துவார். சங்கு இன்னும் பழைய நேரத்துக்கே ஊதுகிறது, அதுதான் சங்கதி என்று அவர் முடிவுகட்டினார். மிச்சமிருந்த ஒரு நிமிடத்தைக் கண்ணின் பிழையில் சேர்த்தார்.

மதுசூதனனுக்குச் சொந்த ஊர் யாழ்ப்பாணத்துக் கொக்குவில். தேயிலைத் தோட்டத்தின் மேற்பிரிவுக்கு, அங்குள்ளவர்கள் பேச்சில் மேக்கணக்குக்கு, விஞ்ஞான ஆசிரியராக வந்து ஆறு வருடமாகிறது. வந்த அடுத்த வருடமே மனைவி காய்ச்சலில் போய்விட்டாள். எட்டு வயதாயிருந்த மகள் நிவேதிகாவைத் தமக்கை சத்தியபாமா தன்னோடு கொக்குவிலில் வைத்துக்கொண்டாள். இவர் பாடசாலைக்குப் பின்னாலிருந்த இரண்டு அறை வீட்டில் தங்கிப்போனார். பகலில் நூற்றிருபது பிள்ளைகளின் இரைச்சல். இரண்டு மணிக்கு மணியடித்தால் அத்தனையும் அடங்கிவிடும். ஆறரைக்கெல்லாம் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கதவுகள் குளிருக்குப் பயந்து அடைபட்டுவிடும். அதன் பிறகு தன் செருப்புச் சத்தம்தான் அவருக்குத் துணை. சில நாட்களில் சோற்றுக் கோப்பையோடு பேசிக்கொண்டிருப்பார், பிறகு பேசியதற்காக வெட்கப்படுவார்.

அந்த வெறுமையில்தான் நிவேதிகா அவருக்கு வானத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். யாழ்ப்பாணத்தில் ஒரு நெட் கடையில் அவள் கண்டுபிடித்த இணையத்தளம் அது. வீடு இருக்கும் அகலக்கோட்டையும் நெடுங்கோட்டையும் கொடுத்தால் போதும், திரையில் அன்றிரவு வானம் விரியும். மவுஸால் பிடித்து இழுத்தால் வானம் சுழலும். ஒரு நட்சத்திரத்தை அழுத்தினால் ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் நிதானமாக அதன் கதையைச் சொல்லும். தோட்டத்துத் தொலைபேசிக் கம்பி வழியாக அது வந்து சேர்வதற்குள் தேநீர் ஆறிவிடும். கணினி முதலில் கீச்சிட்டு, பிறகு இரைந்து, பிறகு மெளனமாகும். அதன் பின்னரே படம் மேலிருந்து கீழாகப் பாய் விரிக்கிற மாதிரி இறங்கும். ஆனால் அந்தத் தளத்தில் அப்பாவுக்கும் மகளுக்கும் பொதுவாக ஒரு குறிப்பேடு இருந்தது. அவள் அங்கே பார்த்ததை எழுதுவாள், இவர் இங்கே பார்த்ததை எழுதுவார். ஒரே நட்சத்திரத்தை ஒரே இரவில் இருவரும் பார்த்தார்கள் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி அவருக்குத் தேவைப்படவில்லை. அந்த ஐந்து வருடத்தில் அவர் சந்தோஷமாக இருந்த நேரங்கள் அவைதான்.

அந்தத் தளத்தின் இரண்டாம் பாடத்தில் தொடுவானத்தை அளக்கச் சொன்னார்கள். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால், அதன் உயரம் வானத்தில் பத்துப் பாகை. நிவேதிகாவின் தொடுவானம் ஒரு நேர்கோடு, அதன் மேலே பனை வட்டுகள். மாஸ்டருடையது முன்னால் நின்ற மலை முகடு. ஒரு மத்தியானம் விறாந்தையில் நின்று அளந்தார். முகட்டில் வெள்ளையடித்த தண்ணீர்த் தாங்கி, அதற்குக் கீழே தேயிலை, நடுவில் கொழுந்து எடுப்பவர்கள் ஏற வெட்டிய படிகள். எல்லாம் சேர்த்துச் சரியாக இரண்டு முஷ்டி. அதைத் தளத்தில் வரைந்து கொடுத்தார். அதிலிருந்து, எந்த நட்சத்திரம் எத்தனை மணிக்கு அந்த முகட்டைத் தாண்டி வரும் என்று நிமிடக் கணக்காகத் தளமே சொல்லிவிடும்.

முதல் நாள் நேரத்தை அரை மணி கழித்து எழுதினார். மறுநாளும் கழித்து எழுதினார். மூன்றாம் நாள் எழுதும்போது பேனா நின்றது.

நட்சத்திரம் ஒவ்வொரு நாளும் நாலு நிமிடம் முந்தி வரும். அந்தப் பெண் குரல் சொன்ன முதல் பாடமே அதுதான். கேட்டையோ நேற்றும் ஒன்பது இரண்டுக்கு வந்தது, இன்றும் ஒன்பது இரண்டுக்கு வந்தது. நாலாம் நாளும், ஐந்தாம் நாளும், அதே ஒன்பது இரண்டு. உலகத்தில் எந்த நட்சத்திரமும் அப்படி வருவதில்லை.

நிவேதிகா குறிப்பேட்டில் எழுதியிருந்தாள்: “அப்பா, எனக்கு இஞ்சை ஒவ்வொரு நாளும் சரியாய் வருது. நீங்கள் உங்கட மலையை ஒருக்கா திரும்ப அளந்து பாருங்கோ.”

மறுநாள் காலை, பாடசாலையைக் கூட்டிப் பெருக்கும் வேலாயியிடம் மாஸ்டர் சங்கைப் பற்றி விசாரித்தார். வேலாயி முப்பது வருடம் கொழுந்து எடுத்தவள். விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு, இதைப் போய்க் கேட்கிறாரே என்பதுபோல அவரைப் பார்த்தாள்.

“சங்கு புது நேரத்துக்குத்தாங்க சார் ஊதுது. வருசப் பொறப்பு முடிஞ்ச மறுநாளே மாத்திட்டாங்க. பழைய நேரத்துக்கு ஊதுனா பொம்பளைங்க எல்லாம் கும்மிருட்டுல வந்துல்ல பெரட்டுல நிக்கணும்.”

அவள் சொன்னது நியாயந்தான். சூரியன் உதிக்குமுன்னே கங்காணியால் பேர் கூப்பிட முடியாது. இதை யோசிக்காமல் ஐந்து நாள் அரை மணியைக் கழித்துக்கொண்டிருந்த தன் புத்தியை மாஸ்டர் நொந்துகொண்டார். கடிகாரம் சரியென்றால், வேறேதோ ஒன்று பிழை.

அன்று மத்தியானம் முகட்டை மறுபடி அளந்தார். இரண்டு முஷ்டி. மயிரிழையும் மாறவில்லை.

அன்று மாலை ஏழரைக்கு, நன்றாக இருட்டிய பிறகு, விறாந்தையில் அதே தூணோடு ஒட்டி நின்று கையை நீட்டினார். மலை கரும் இருட்டாக இருந்தது. அதற்கு மேலே நட்சத்திரங்கள் தொடங்கும் விளிம்பு தெளிவாகத் தெரிந்தது. ஒரு முஷ்டி. அதன் மேல் இன்னொன்று. அதன் மேல் இன்னொன்று வைக்க இடமிருந்தது. நட்சத்திரம் மூன்றாம் முஷ்டிக்கு மேலேதான் தொடங்கியது.

கையை இறக்கிக் குளிரில் தேய்த்துக்கொண்டு மறுபடி அளந்தார். மூன்று.

முகில் என்று சொல்லிப் பார்த்தார். வைகாசியில் மேற்கிலிருந்து கச்சான் காற்று தொடங்கிவிட்டால் ஊவாப் பக்கத்து வானம் துடைத்து விட்டதுபோல் இருக்கும், முகிலுக்கு வழியில்லை. புகை என்றும் பார்த்தார். புகைக்கு அப்படி ஒரு விளிம்பு இருக்காது. மரங்களின் தலையோ கிளையோ இல்லாமல், இருட்டு ஒரே சீராக வளைந்து முடிந்தது. அவர் முதுகிலிருந்து வீசிய காற்று பள்ளத்தைத் தாண்டிப் போய் அங்கே எதிலோ பட்டு, ஈரச் சாக்கில் அடித்த ஓசையோடு திரும்பி வந்தது. கூடவே ஒரு வாடையும் வந்தது. கொக்குவிலில் நாட்பட்டுக் கிடந்த கிணற்றை இறைக்கும்போது வரும் வாடை அது. சேறும் இலையும் எப்போதோ விழுந்த ஏதோவொன்றும் சேர்ந்த அந்த வாடை, மழையே இல்லாத அந்த மலையில் வெதுவெதுப்பாக வந்து மூக்கில் ஏறியது. பள்ளத்துத் தவளைகள் கத்தவில்லை. நேற்றும் கத்தவில்லை என்பது இப்போதுதான் ஞாபகம் வந்தது.

வேலாயியின் லயம் பாடசாலைக்குக் கீழேதான். மாஸ்டர் இறங்கிப் போய்க் கதவைத் தட்டி, மலையைப் பார்க்கச் சொன்னார். அவள் சேலைத் தலைப்பைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே வந்து, அவர் காட்டிய பக்கம் மரியாதைக்குக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“இருட்டா இருக்குங்க சார். ராவுல மல எப்பவும் அப்படித்தானே.”

அவள் சொன்னதிலும் பிழையில்லை. இருட்டு எத்தனை முஷ்டி இருக்க வேண்டுமென்று அந்த லயத்தில் யாருக்கும் தெரியாது. எந்த இடத்தில் எந்த நட்சத்திரம் இருக்க வேண்டுமென்று தெரிந்தவனுக்குத்தானே எது இல்லை என்பது தெரியும். படிக்காமலே இருந்திருக்கலாம் என்று மாஸ்டர் தன் வாழ்க்கையில் முதல் தடவையாக நினைத்தார். வேலாயி கதவைச் சாத்தித் தாழிட்டாள். அவர் படியேறி வரும்போது அந்தப் பக்கம் பார்க்காமல் வந்தார்.

அன்று வியாழக்கிழமை. விறாந்தையில் ஏறும்போதே தொலைபேசி மணியடித்தது. கொக்குவிலிலிருந்து தமக்கை. யாழ்ப்பாணத்தில் நிலைமை சரியில்லை, பொழுது பட்டால் ஒருவரும் வெளியே இறங்குவதில்லை, பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பிவிட்டு வயிற்றில் நெருப்போடு இருக்கிறேன் என்றாள். பாதை திறந்திருக்கும்போதே தெரிந்த குடும்பம் ஒன்று கொழும்புக்கு வருகிறது, அவர்களோடு நிவேதிகாவை அனுப்பிவிடுகிறேன், இனி உன்னோடேயே இருக்கட்டும் என்றாள். பிறகு மகள் பேசினாள்.

“அப்பா, இனி ரெண்டு பேரும் ஒரே இடத்தில நிண்டு பாக்கலாம், என்ன?”

ஓம் என்றார். வேறென்ன சொல்லுவார்? அவளுடைய துணிப் பெட்டியை எங்கே வைப்பது, எந்தக் கட்டிலை எந்தச் சுவரோடு போடுவது என்று ஐந்து வருடமாக மனதில் வீடு ஒழுங்குபடுத்தி வைத்திருந்த மனிதர் அவர். தொலைபேசியை வைத்துவிட்டு, வகுப்பறையில் தனியே நின்று சத்தமாகச் சிரித்தார். கண்ணீரும் வந்தது.

பிறகு கணினி முன்னால் உட்கார்ந்து, ‘மகள், இப்போதைக்கு வர வேண்டாம்’ என்று குறிப்பேட்டில் எழுதினார். எழுதியதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஏன் வர வேண்டாம் என்று அவள் கேட்பாள். கேட்டால் என்ன சொல்வது? மலைக்குப் பின்னால் ஒரு முஷ்டி கூடுதலாக இருட்டு நிற்கிறது என்றா? அங்கே இருக்கும் ஆபத்துக்குப் பெயர் இருந்தது. இங்கே இருப்பது வெறும் இருட்டு. இருட்டு யாரை என்ன செய்தது? எழுதியதை அழித்தார். வெள்ளிக்கிழமையும் எழுதி அழித்தார். பிள்ளையின் நன்மைக்காகத்தான் அழிக்கிறேன் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். அது பாதிதான் உண்மை. இன்னொரு வருடம் அந்த வீட்டில் தனியே சாப்பிட அவரால் முடியாது என்பதுதான் மிச்சம்.

சனிக்கிழமை, எட்டு மூன்றுக்கு வர வேண்டிய கேட்டை ஒன்பது இருபதுக்கு வந்தது. இருட்டு நாலு முஷ்டிக்குச் சற்றுக் குறைவு. அதைக் குறிப்பேட்டில் எழுதவில்லை. எட்டு மூன்று என்றே எழுதினார்.

ஞாயிற்றுக்கிழமை பண்டாரவளைக்குப் போய் மகளுக்கு ஒரு நீலக் கம்பளிச் சட்டையும் புதுப் போர்வையும் வாங்கினார். வந்து, அவளுக்கென்று ஒதுக்கிய அறையில் மலைப்பக்க ஜன்னலுக்குப் பலகை வைத்து ஆணி அடித்தார். ஆணி அடிக்கும் சத்தம் எதிர்மலையில் பட்டு எதிரொலிக்கும் என்று காத்திருந்தார். மாலை ஆறு மணிவரை எதிரொலித்தது. ஏழு மணிக்கு அடித்த கடைசி ஆணிக்கு எதிரொலி வரவில்லை.

திங்கட்கிழமை இரவு வெளியே வரவில்லை. போர்வைக்குள் கிடந்தார். வாடை மட்டும் கதவுக்குக் கீழால் வந்தது.

செவ்வாய் காலை, கொழும்பில் அந்தக் குடும்பம் ஏற்றிவிட்ட இரவு ரயிலிலிருந்து பண்டாரவளையில் நிவேதிகா இறங்கினாள். பதின்மூன்று வயது, அம்மாவின் நெற்றி, இரண்டு பின்னல். கையில் தானே வரைந்த நட்சத்திரப் படச் சுருள். பஸ்ஸில் வழி நெடுகப் பேசினாள். மாமி அழுதது, சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறியது, ரயிலில் குளிர் தாங்காமல் செய்தித்தாளைச் சுற்றிக்கொண்டது. மாஸ்டர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பகல் வெளிச்சத்தில் மலை இரண்டு முஷ்டியாகச் சாதுவாக நின்றது. வேலாயி ஒரு செம்பு பால் கொண்டுவந்து, “சாரோட புள்ள சார மாதிரியே இருக்கு” என்று கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். வீட்டில் அன்று பகல் முழுக்கப் பேச்சுச் சத்தம் கேட்டது. இரண்டாவது கோப்பையை எடுத்து வைக்கும்போது அவருக்கு இதமாயிருந்தது. எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தார். முழு மனதோடு நினைத்தார்.

ஜன்னலுக்கு ஏன் பலகை என்று கேட்டாள். காற்று என்றார்.

மாலையில் அவளை வெளியே விடாமல் வைத்திருக்க எத்தனையோ சாட்டு யோசித்து வைத்திருந்தார். களைப்பாக இருப்பாய், நாளைக்குப் பார்க்கலாம் என்றார். அவள் கேட்கவில்லை. ஏழு மணிக்கு அவரை இழுத்துக்கொண்டு வகுப்பறைக்குப் போய்க் கணினி முன்னால் உட்கார்ந்தாள். கணினி கீச்சிட்டது, இரைந்தது, அடங்கியது. படம் இறங்கியது. கேட்டை ஏழு ஐம்பத்தொன்று என்றது திரை. அவள் கைதட்டினாள்.

அப்போதுதான் மாஸ்டருக்கு, பிள்ளை வந்து சேர்ந்ததைத் தமக்கைக்கு இன்னும் சொல்லவில்லை என்பது ஞாபகம் வந்தது. கணினிக்கும் தொலைபேசிக்கும் ஒரே கம்பி. கம்பியை மாற்றிக்கொண்டு பக்கத்து அலுவலக அறைக்குப் போனார். நாலாம் முறைதான் தொடர்பு கிடைத்தது. பாதி கேட்டது, பாதி கேட்கவில்லை. தமக்கை மறுமுனையில் அழுதாள், தெய்வத்துக்கு நன்றி சொன்னாள், பிள்ளைக்கு இரவில் சளி பிடிக்கும் என்றாள், என்ன சாப்பாடு கொடுத்தாய் என்று கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் இவர் உரக்கக் கத்திப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. கால் மணி நேரம் போயிருக்கும்.

திரும்பி வந்தபோது வகுப்பறையில் யாரும் இல்லை. மேசையில் வைத்திருந்த டோர்ச் லைட் இல்லை. விறாந்தைக் கதவு திறந்து கிடந்தது. கரும்பலகையில் குண்டு குண்டான எழுத்தில் எழுதியிருந்தது.

‘அப்பா, மலை ரெண்டு கை இல்லை, அஞ்சு கை. நீங்கள் பிழையாய் அளந்திருக்கிறியள். அதுதான் உங்களுக்குப் பிந்தி வந்தது. தாங்கியடிக்கு ஏறிப் பாத்திட்டு வாறன்.’

மாஸ்டர் வெளியே ஓடினார்.

மலைச்சரிவில், தேயிலைக்கு நடுவே, சிறு வெளிச்சம் ஒன்று ஏறிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு படிக்கும் ஒரு அசைவு. பாதி தூரம் போய்விட்டாள். அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். சத்தம் போன இடத்திலிருந்து திரும்பவில்லை. வெளிச்சத்துக்கு மேலே, ஐந்து முஷ்டி உயரத்துக்கு, நட்சத்திரமே இல்லாத இருட்டு.

செருப்பை உதறினார். படிகளில் தாவி ஏறினார். தேயிலை வாது முழங்காலில் கீறியது. மூச்சு நெஞ்சில் முட்டியது. அவளிடம் சொல்லியிருக்கலாம். ஒரு வரி. வியாழக்கிழமை அழிக்காமல் விட்டிருந்தால் போதும். அண்ணாந்து பார்த்தார். வெளிச்சம் ஏறிக்கொண்டே இருந்தது. தாங்கி வரும், நிற்பாள் என்று நினைத்தார். தாங்கிக்கு அப்பால் ஏற ஒன்றும் கிடையாது. அந்தப் பக்கம் கொஸ்லந்தப் பள்ளம், நேர்க்குத்தாக இறக்கம். நிற்பாள். நிற்கத்தான் வேண்டும்.

வெளிச்சம் நிற்கவில்லை.

கை சில்லிட்ட சீமெந்தில் மோதியது. தாங்கி. முகட்டுக்கு வந்துவிட்டார். காலடியில் கடைசிப் படி, அதற்குப் பிறகு ஒரு பாய் அளவு புல்தரை. பாடசாலையின் விளக்கு வெகு கீழே தெரிந்தது.

முன்னால் பள்ளத்தின் ஊர் விளக்குகள் தெரிய வேண்டும். தெரியவில்லை. காற்று முதுகுவரை வந்து நின்றது. முன்னாலிருந்து ஒன்றும் வீசவில்லை. வாடை மட்டும் இருந்தது. வெதுவெதுப்பாக. மிக அருகில்.

வெளிச்சம் தலைக்கு மேலே இருந்தது.

அங்கே மலை இல்லை. மரம் இல்லை. அவர் ஆறு வருடமாகப் பகலில் பார்த்த வெறும் ஆகாயம். அதில் மகளின் வெளிச்சம் படிப்படியாக ஏறிக்கொண்டிருந்தது. ஒரு படி. இன்னொரு படி.

“நிவேதிகா.”

வெளிச்சம் நின்றது.

“அப்பா, கேட்டை வந்திட்டுது.” குரல் சந்தோஷமாக இருந்தது. வெகு உயரத்திலிருந்து வந்தது. “இஞ்சையிருந்து வடிவாய்த் தெரியுது. நேரத்தை எழுதுங்கோ.”

கடிகாரத்தைப் பார்த்தார். ஏழு ஐம்பத்தொன்று.

“இறங்கி வா மகள். இறங்கி வா.”

வெளிச்சம் அசையாமல் நின்றது. அவள் நடக்கவில்லை, நிற்கிறாள். நின்றபடியே உயர்ந்தாள். மெதுவாக. அவளுக்கு மேலே இருந்த நட்சத்திரம் ஒன்று அணைந்தது. பிறகு அதற்கு மேலே இருந்தது. பெயர் தெரிந்த நட்சத்திரங்கள், ஒவ்வொன்றாக. இருட்டின் விளிம்பு அவர் உச்சந்தலையைத் தாண்டிப் பின்னால் போயிற்று. லயங்களின் பக்கம். பாடசாலையின் பக்கம்.

மாஸ்டர் புல்தரையின் ஓரத்துக்கு வந்தார். வலது காலை முன்னால் வைத்துத் துழாவினார். இறக்கம் இருக்க வேண்டிய இடத்தில் கால் எதிலோ பட்டது. மெத்தென்று, ஈரமாக, சூடாக. படி அளவு உயரத்தில், படி அளவு அகலத்தில்.

அதற்கு மேலே இன்னொன்று இருந்தது.

அண்ணாந்து பார்த்தார். வானத்தில் வேறு ஒரு நட்சத்திரமும் மிச்சமில்லை. மகளின் வெளிச்சம் மட்டும் நேர் உச்சியில் நின்று, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெல்ல அசைந்து, கீழே அவரைத் தேடிக்கொண்டிருந்தது.